ஆறு சிலிண்டர், இரண்டு பொய், ஒரு திருட்டு

நம்மூர் ஒர்க்‌ஷாப்பில் வண்டியின் பின்னால் தொங்கும் அந்த உருளைக்குப் பெயர் சைலன்சர். அமெரிக்கர்கள் மஃப்ளர் என்பார்கள். நாம் பிரிட்டிஷ்காரன் சொன்ன சொல்லையே பிடித்துக்கொண்டோம். அமைதிப்படுத்துவதுதான் அதன் வேலை என்பது பெயரிலேயே இருக்கிறது. ஆனாலும் "சைலன்சரை மாத்திட்டேன் மச்சி, இப்ப சவுண்டு செமையா வருது" என்று சிரிக்காமல் சொல்கிறோம். அமைதிப்படுத்தியை மாற்றினேன், சத்தம் நன்றாக வருகிறது! இந்த முரணை வைத்து உலகம் முழுக்க ஒரு தொழிலே ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தத் தொழிலின் உச்சாணிக் கொம்பில் இருப்பவை ஆறு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் கார்கள். போர்ஷே 911, பிஎம்டபிள்யூ எம்3, ஜாகுவார் எஃப்-டைப், நிஸ்ஸான் 350இசட், டொயோட்டா சுப்ரா. இவற்றை வாங்குகிறவர்களில் கணிசமானவர்கள் முதல் வருடத்திலேயே "எக்ஸாஸ்ட் சவுண்டை இம்ப்ரூவ் பண்ணணும்" என்று கிளம்பிவிடுகிறார்கள். டைட்டானியம் குழாய், வால்வு வைத்த மஃப்ளர், ஈசியு டியூன் என்று நம்மூரில் ஒரு நல்ல கார் வாங்கும் பணத்தை இதற்கே செலவழிப்பவர்கள் உண்டு.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சின் சத்தம் எனக்குப் பிடிக்கும். கார் என்பது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் பெட்டி, அதற்கு எதற்கு இசை என்று கேட்பவர்களின் கட்சியில் நான் இல்லை. ஆனால் "மேம்பாடு" என்ற பெயரில் இன்று விற்கப்படுவதில் பெரும்பகுதி மூன்று வகை. ஒன்று, ஸ்பீக்கர் வழியாக வரும் போலிச் சத்தம். இரண்டு, மென்பொருள் வழியாக வரும் போலி வெடிப்பு. மூன்று, வெறும் டெசிபல். முதலிரண்டும் பொய். மூன்றாவது அடுத்தவர் தூக்கத்தைத் திருடுவது. உண்மையான மேம்பாடு என்று நாலாவதாக ஒன்று இருக்கிறது. அது கூட்டல் வேலை இல்லை, கழித்தல் வேலை. அதனால்தான் அதை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை.

*

முதலில் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். கணக்கு எளிது.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு முறை சுற்றுவதற்குள் ஒவ்வொரு சிலிண்டரும் ஒருமுறை வெடிக்கும். இரண்டு சுற்று என்றால் 720 டிகிரி. ஆறு சிலிண்டருக்கு வகுத்தால் 120 டிகிரிக்கு ஒரு வெடிப்பு, அதாவது ஒரு சுற்றுக்கு மூன்று. நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடினால் வினாடிக்கு 100 சுற்று, 300 வெடிப்பு. ஒவ்வொரு வெடிப்பும் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது ஓர் அழுத்த அலையைக் குழாய்க்குள் தள்ளுகிறது. 300 ஹெர்ட்ஸில் ஒரு ஸ்வரம் பிறக்கிறது. நீங்கள் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அந்த ஸ்வரம் மேலே ஏறுகிறது. 3000 ஆர்பிஎம்மில் 150 ஹெர்ட்ஸ், 8000-இல் 400 ஹெர்ட்ஸ்.

இது மட்டும்தான் என்றால் எல்லா ஆறு சிலிண்டரும் ஒரே மாதிரி பாட வேண்டும். அப்படிப் பாடுவதில்லை என்பது காது உள்ள எல்லோருக்கும் தெரியும். காரணம் குழாய்களில் இருக்கிறது. பிஎம்டபிள்யூவின் நேர்வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சினில் வெடிக்கும் வரிசை 1-5-3-6-2-4. கவனித்துப் பாருங்கள், முன் மூன்றில் ஒன்று, பின் மூன்றில் ஒன்று என்று மாறி மாறி வருகிறது. போர்ஷே 911-இல் இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று என்று படுத்துக்கிடக்கும் சிலிண்டர்கள். அங்கேயும் இடம், வலம் என்று மாறி மாறித்தான் வெடிக்கும். ஆக, ஒவ்வொரு மூவர் குழுவும் தனியாக 240 டிகிரிக்கு ஒருமுறை வெடிக்கிறது. 6000 ஆர்பிஎம்மில் அது 150 ஹெர்ட்ஸ்.

இரண்டு குழுவின் குழாய்களும் சம நீளத்தில் வந்து ஒழுங்காக ஒன்று சேர்ந்தால் அந்த 150 ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். மிஞ்சுவது 300, 600, 900. வழவழப்பான, பட்டுத்துணி கிழிவது போன்ற சத்தம். குழாய்கள் சேராமல் போனாலோ, நீளம் சமமில்லாமல் போனாலோ 150-உம் 450-உம் உள்ளே புகும். 300-ஐ ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் 150 கீழ் ஸட்ஜம், 450 பஞ்சமம், 600 மேல் ஸட்ஜம். தம்பூராவின் நாலு கம்பியிலும் இருப்பது இதே பஞ்சமமும் ஸட்ஜமும்தான். உறுமல் என்று நாம் சொல்வது இந்தக் கூடுதல் ஸ்வரங்களைத்தான். இவை அளவோடு வந்தால் கம்பீரம். ஒழுங்கில்லாமல், மெல்லிய தகட்டில் பட்டுத் தெறித்து வந்தால் கரகரப்பு. நிஸ்ஸான் 350இசட்டில் மலிவான குழாய் மாட்டியவர்களுக்கு இந்தக் கரகரப்பு நன்றாகவே தெரியும். நல்ல வி6 எஞ்சின், தகர டப்பாவில் கல்லைப் போட்டு உலுக்கியது போலக் கேட்கும்.

இதிலிருந்து ஒன்று புரிகிறது. ஆறு சிலிண்டரின் குரல் எஞ்சினின் அமைப்பிலிருந்தே வருகிறது. வெடிக்கும் வரிசை, குழாய் நீளம், எங்கே சேர்கிறது, எந்த உலோகம், எவ்வளவு சூடு ஆகிய ஐந்தின் விளைவு அது. ஓட்டுபவருக்கு அது ஒரு தகவல். எஞ்சின் எந்த வேகத்தில் சுற்றுகிறது, எவ்வளவு பாரம் இழுக்கிறது, கியர் மாற்ற வேண்டுமா என்பதையெல்லாம் மீட்டரைப் பார்க்காமலே காது சொல்லிவிடும். வேலையின் சத்தம் அது. தறி ஓடும் சத்தத்தை வைத்தே நூல் அறுந்ததைக் கண்டுபிடிக்கும் நெசவாளிக்கு நான் சொல்வது உடனே புரியும்.

*

இப்போது முதல் பொய்.

2014-இல் வந்த பிஎம்டபிள்யூ எம்3, எம்4 கார்களில் டர்போ வைத்த ஆறு சிலிண்டர் எஞ்சின். டர்போ என்பது புகைக்குழாயில் உட்கார்ந்து, போகிற வாயுவின் சக்தியைப் பிடுங்கிச் சுற்றும் காற்றாடி. அழுத்த அலைகளின் கூர்மையை அது மழுக்கிவிடும். போதாததற்குக் காரின் உள்பக்கம் சத்தம் நுழையாதபடி மெத்தை மெத்தையாக அடைத்திருக்கிறார்கள். வாங்கியவருக்குச் சத்தம் கேட்காதே, என்ன செய்வது? ஸ்பீக்கரில் போட்டார்கள். ஆர்பிஎம், ஆக்சிலரேட்டரின் நிலை ஆகியவற்றைப் படித்து, அதற்கேற்ற எஞ்சின் ஒலியை மென்பொருள் உருவாக்கி, பாட்டு கேட்கும் அதே ஸ்பீக்கர் வழியாக ஒலிக்கச் செய்கிறது. அதே நிறுவனத்தின் எஞ்சினைக் கொண்ட சுப்ராவிலும் இதே ஏற்பாடு.

மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இது ஒன்றும் கடினமான வேலை இல்லை. ஓர் அட்டவணை. குறுக்கே ஆர்பிஎம், நெடுக்கே மிதியின் அழுத்தம். கட்டத்துக்குக் கட்டம் எந்த ஒலி, எவ்வளவு சத்தம் என்று எண்கள். அவ்வளவுதான். இன்றைக்கு ஆறு சிலிண்டர், நாளைக்கு அதே அட்டவணையில் வேறு எண்களைப் போட்டால் எட்டு சிலிண்டர். அதுக்கு மேல ஆசைப்பட்டா யானை பிளிறலும் போடலாம்.

"கேட்க நல்லா இருக்குல்ல, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்க நன்றாக இருப்பது பற்றி எனக்குப் புகார் இல்லை. வேலையின் சத்தம் என்று சொல்லி விற்றுவிட்டு, வேலையோடு தொடர்பில்லாத சத்தத்தைக் கொடுப்பதுதான் புகார். எஞ்சினில் ஏதாவது கோளாறு வந்தால் அந்த ஸ்பீக்கர் அதைச் சொல்லாது. ஒரு சிலிண்டர் வெடிக்காமல் போனாலும் அட்டவணை அழகாகப் பாடிக்கொண்டிருக்கும். இந்தக் கார்களின் உரிமையாளர்களில் பலர் முதலில் செய்யும் "மேம்பாடு" அந்த ஒலியை அணைத்துவைப்பதுதான். பெரும் பணம் கொடுத்து வாங்கிய காரில், நிறுவனம் காசு செலவழித்துச் சேர்த்த ஒன்றை, மறுபடி நேரம் செலவழித்து நீக்குகிறார்கள். பொய்யை வெறுக்கத் தத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை, காது போதும்.

இங்கே ஒரு கோடு கிழிக்க வேண்டும். 2011-இல் வந்த 911 தலைமுறையில் போர்ஷே வேறொரு வழி செய்தது. காற்று எஞ்சினுக்குள் போகும் குழாயிலிருந்து ஒரு கிளைக் குழாய், நடுவில் ஒரு சவ்வு, ஒரு வால்வு. ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினால் வால்வு திறக்கும். எஞ்சின் மூச்சிழுக்கும் அதிர்வு சவ்வின் வழியாக உள்ளே இருப்பவர் காதுக்கு வரும். இதையும் சிலர் போலி என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மருத்துவரின் ஸ்டெதஸ்கோப் போலி என்று யாராவது சொல்வார்களா? எஞ்சின் நின்றால் அந்தக் குழாயில் ஒன்றும் கேட்காது. கோளாறு வந்தால் கோளாறும் கேட்கும். உண்மைக்கு ஒரு வழி திறந்துவிடுவது வேறு, உண்மையைப் போல நடிப்பது வேறு.

*

இரண்டாவது பொய் இன்னும் மோசம். பிரிட்டனில் இதற்கு "பாப்ஸ் அண்ட் பேங்ஸ்" என்று பெயர். மிதியிலிருந்து காலை எடுத்ததும் பின்னாலிருந்து பட் பட் பட்டார் என்று ஊசிப் பட்டாசு சரம்.

இதன் பூர்வீகம் கௌரவமானது. டர்போ வைத்த ராலி கார்களில் ஓட்டுநர் காலை எடுத்தாலும் டர்போ சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காகப் புகைக்குழாயிலேயே எரிபொருளை எரிய விடுவார்கள். சத்தம் அதன் பக்க விளைவு. பழைய கார்பரேட்டர் எஞ்சின்களிலும், எரியாமல் தப்பிய பெட்ரோல் சூடான குழாயில் எரிந்து இப்படி வெடிப்பது இயல்பு. ஆனால் இன்றைய காரில் காலை எடுத்தவுடன் ஈசியு எரிபொருளை முழுக்க நிறுத்திவிடும். வெடிக்க அங்கே ஒன்றும் இல்லை. ஆகவே வேண்டுமென்றே மென்பொருளை மாற்றுகிறார்கள். கால் எடுத்த பிறகும் பெட்ரோலைச் சொட்டவிடு, தீப்பொறியைத் தாமதப்படுத்து, பாதி எரிந்தது வெளியே போய்ச் சூடான குழாயில் வெடிக்கட்டும். 2013-இல் வந்த ஜாகுவார் எஃப்-டைப் வி6 இதைத் தொழிற்சாலையிலேயே செய்து கொடுத்துப் பெயர் வாங்கியது. அதற்குப் பிறகு தெருமுனை டியூனர் ஒவ்வொருவரும் லேப்டாப்பை மாட்டி இதையே விற்கிறார்.

காரியம் எதுவும் நடக்காத நேரத்தில் வரும் சத்தம் இது என்பதைக் கவனிக்க வேண்டும். கார் வேகம் எடுக்கவில்லை, எஞ்சின் எதையும் இழுக்கவில்லை. வீணாகும் பெட்ரோல், வெந்துபோகும் கேட்டலிடிக் கன்வர்ட்டர். அதன் உள்ளே தேன்கூடு போன்ற பீங்கானில் பிளாட்டினம், பெல்லேடியம், ரோடியம் பூசியிருக்கிறார்கள். எரியாத பெட்ரோல் அங்கே வந்து எரிந்தால் சூடு தாங்காமல் அது உருகும். பிறகு "கேட் போயிடுச்சு, டெலிட் பண்ணிடலாம்" என்பார்கள். விலையுயர்ந்த உலோகத்தை எரித்துப் பட்டாசு கேட்பதற்கு நேராகப் பட்டாசே வாங்கலாம். சிவகாசிக்காரர்களுக்காவது பிழைப்பு நடக்கும்.

சரி, ஒருவர் தன் காரைத் தானே கெடுத்துக்கொள்கிறார், அதில் எனக்கென்ன? இந்தக் கேள்வி நியாயம்தான். இதற்குப் பதில் சொல்ல மூன்றாவதற்கு வர வேண்டும்.

*

டெசிபல் என்ற அளவு நம்மை ஏமாற்றும். அது மடக்கைக் கணக்கு. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, காதுக்குச் சுமார் இரண்டு மடங்கு சத்தம். 20 கூடினால் ஆற்றல் நூறு மடங்கு. "ஸ்டாக்கைவிட 10 டிபிதான் ஜாஸ்தி" என்று ஒருவர் சொன்னால், ஒரே மாதிரிப் பத்துக் கார்களைத் தெருவில் வரிசையாக நிறுத்தி முடுக்கியதாக அர்த்தம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் ஒரு விதி கொண்டுவந்தது. சாதாரணக் கார்கள் ஓடும்போது எழுப்பும் சத்தம் 2016 முதல் 72 டெசிபல், 2020-இல் 70, 2024 முதல் வரும் புது மாடல்களுக்கு 68 என்று படிப்படியாகக் குறைக்கும் விதி. எடைக்கு மிக அதிக சக்தி கொண்ட தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார்களுக்குச் சலுகை உண்டு, 75-இல் தொடங்கி 72 வரை. இதோடு 2018 வாக்கில் பெட்ரோல் கார்களுக்கும் துகள் வடிகட்டி வந்து சேர்ந்தது. ரசிகர்கள் குமுறுகிறார்கள். பிரஸ்ஸல்ஸில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிகள் எங்கள் இசையைக் கொல்கிறார்கள் என்று.

அதிகாரிகள் ஏன் இதில் இறங்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டுமல்லவா? மேற்கு ஐரோப்பாவில் போக்குவரத்துச் சத்தத்தால் ஆண்டுக்குக் குறைந்தது 10 லட்சம் ஆரோக்கிய வாழ்வாண்டுகள் பறிபோகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2011-இல் மதிப்பிட்டது. அதில் பெரும்பங்கு தூக்கக் கேடு. சாலைச் சத்தம் இரவில் சராசரியாக 45 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பது அதே நிறுவனத்தின் 2018-ஆம் ஆண்டுப் பரிந்துரை. பாரிஸ் வட்டாரத்தின் சத்தத்தை அளக்கும் ப்ருய்பாரிஃப் என்ற அமைப்பு ஒரு கணக்குப் போட்டது. சைலன்சர் மாற்றிய ஒரே ஒரு ஸ்கூட்டர் நள்ளிரவில் பாரிஸைக் குறுக்காகக் கடந்தால் 10,000 பேர் வரை விழித்துக்கொள்ளக்கூடும். ஸ்கூட்டருக்கே இது. 2022-இல் பாரிஸ் தெருவில் மைக்ரோஃபோன் வைத்த "சத்த ராடார்" நிறுவப்பட்டது வேடிக்கைக்காக இல்லை.

ஜெர்மனியின் போக்குவரத்துச் சட்டத்தில் தேவையற்ற சத்தம் எழுப்புவதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. ஊருக்குள் காரணமில்லாமல் மேலும் கீழும் ஓட்டி மற்றவர்களைத் தொந்தரவு செய்வதும் குற்றம். 2021-இல் அபராதத்தை உயர்த்தினார்கள். தேவையற்ற சத்தத்துக்கு 10 யூரோ இருந்தது 80 ஆனது. வீண் ஊர்வலத்துக்கு 20 இருந்தது 100 ஆனது. ஆறிலக்க விலைக்குக் கார் வாங்குபவருக்கு 80 யூரோ என்பது ஒரு வேளைச் சாப்பாடு. ஆனால் காலை ஐந்து மணி ஷிஃப்டுக்கு எழுந்திருக்க வேண்டிய பேக்கரித் தொழிலாளிக்குப் போன தூக்கத்தின் விலை 80 யூரோ இல்லை. இந்த விவகாரத்தில் வர்க்கம் இருக்கிறது. சத்தம் போடுபவர் இரட்டைக் கண்ணாடி ஜன்னல் உள்ள வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுவார். கேட்பவர் பெருஞ்சாலையோரம் மலிவான வாடகைக்குக் கிடைத்த மூன்றாம் மாடியில் இருப்பார்.

திருட்டு என்று நான் சொல்வது இதைத்தான். கார் உங்களுடையது, பெட்ரோல் உங்களுடையது, காது உங்களுடையது. அமைதி உங்களுடையது மட்டும் இல்லை. ஊர்ப் பொதுக் குளத்துத் தண்ணீரைத் தன் வயலுக்கு இரவோடு இரவாகத் திருப்பிவிடுகிறவரும் "என் வயல், என் உழைப்பு" என்றுதான் சொல்வார்.

*

எதிர்த் தரப்பின் வாதங்களை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. மூன்றைப் பார்ப்போம்.

முதல் வாதம்: "சத்தமே முக்கியம், இல்லாவிட்டால் ஸ்போர்ட்ஸ் காருக்கு உயிரில்லை." ஒத்துக்கொள்கிறேன். சாட்சியும் தருகிறேன். 2016-இல் போர்ஷே தன் பாக்ஸ்டர், கேமன் கார்களில் ஆறு சிலிண்டரை எடுத்துவிட்டு நான்கு சிலிண்டர் டர்போவைப் போட்டது. கார் முன்னைவிட வேகம். ஆனாலும் சத்தத்தைக் கேட்டவர்கள் முகம் சுளித்தார்கள். 2019-இல் ஜிடி4, 2020-இல் ஜிடிஎஸ் 4.0 என்று டர்போ இல்லாத 4 லிட்டர் ஆறு சிலிண்டர் திரும்பி வந்தது. ஸ்டாப்வாட்ச் சொன்னதைக் காது ஏற்கவில்லை. ஆனால் வாடிக்கையாளர் கேட்டது அதிக டெசிபலை இல்லை. நான்கு சிலிண்டரைச் சத்தமாகப் பாடவைக்க எந்த மஃப்ளர் கடையும் போதும். அவர்கள் கேட்டது வேறு ஸ்வரம். 120 டிகிரிக்கு ஒருமுறை வெடிப்பதன் ஸ்வரம். என் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இரண்டாவது வாதம்: "சட்டமே போலித்தனம். சோதனையில் அமைதியாக இருந்துவிட்டு, வெளியே வந்ததும் வால்வைத் திறக்கும் கார்களை நிறுவனங்களே செய்கின்றன." இதில் நிறையவே உண்மை இருக்கிறது. சோதனை நடக்கும் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வால்வை மூடிவைக்கும் தந்திரம் ஊரறிந்தது. அதைத் தடுக்கத்தான் புதிய விதியில், சோதனைப் புள்ளிக்கு வெளியேயும் அளக்கும் பிரிவு சேர்க்கப்பட்டது. ஆனால் நிறுவனம் ஏமாற்றுகிறது என்பது பக்கத்து வீட்டுக் குழந்தையை எழுப்ப எனக்குக் கிடைத்த லைசென்ஸ் ஆகாது. உண்மையில் அந்த வால்வு நல்ல கருவி. ஊருக்குள் மூடி, மலைப்பாதையில் திறந்து ஓட்டுபவருக்கு வேண்டிய இரண்டும் அதில் இருக்கிறது. கை யாருடையது என்பதுதான் கேள்வி.

மூன்றாவது வாதம்தான் எனக்குப் பிடித்தது: "எல்லாம் எலெக்ட்ரிக் ஆகப்போகிறது, இது கடைசி விளக்கு, கொஞ்சம் பிரகாசமாக எரியட்டுமே." உருக்கமான வாதம். ஆனால் அழிந்துவரும் ஒன்றைக் காப்பாற்ற விரும்புபவர் அதைப் பற்றி ஊரில் நல்ல பெயர் நிலைக்கும்படி நடந்துகொள்ள வேண்டாமா? கலிஃபோர்னியாவின் லகூனா செக்கா பந்தயப் பாதையைப் பாருங்கள். சுற்றிலும் வீடுகள் வந்துவிட்டதால் ஆண்டின் பெரும்பாலான நாட்களில் அங்கே 90 டெசிபல்தான் எல்லை. பாதையோரம் ஓரிடத்தில் மைக் வைத்து அளப்பார்கள். மீறினால் வெளியே போகச் சொல்வார்கள். பந்தயம் ஓட்டவே கட்டிய இடத்தில்! அங்கே ஓட்டுபவர்கள் குழாயின் வாயை மைக்குக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வளைத்து மாட்டிக்கொண்டு ஓட்டுகிறார்கள். சிரிப்பு வரும். ஆனால் இந்த ஒப்பந்தத்தால்தான் அந்தப் பாதை இன்னும் உயிரோடு இருக்கிறது. நள்ளிரவில் ஊருக்குள் பட்டாசு விடும் ஒவ்வொருவரும் அடுத்த கட்டச் சட்டத்துக்கு ஒரு கையெழுத்துப் போடுகிறார். தண்டனை அனுபவிப்பது அடுத்த தலைமுறை எஞ்சின்.

*

அப்படியானால் உண்மையான மேம்பாடு எது?

உதாரணம் சொல்கிறேன். ஆறு சிலிண்டர் காரில் வெறும் குழாயை மாட்டியவர்கள் எல்லோரும் ஒரு மாதத்தில் சொல்லும் புகார், நெடுஞ்சாலையில் "ம்ம்ம்" என்று மண்டைக்குள் குடையும் சத்தம். ட்ரோன் என்பார்கள். 2500 ஆர்பிஎம்மில் வெடிப்பு 125 ஹெர்ட்ஸ். காரின் உள்கூடு அதே அலைவரிசையில் சேர்ந்து அதிர்கிறது. இரண்டு மணி நேரம் ஓட்டினால் தலைவலி நிச்சயம். இதற்குப் பஞ்சடைத்த இன்னொரு மஃப்ளர் சரியான தீர்வில்லை, அது எல்லா ஸ்வரத்தையும் சேர்த்து அமுக்கும். தீர்வு, பிரதான குழாயிலிருந்து பக்கவாட்டில் பிரியும், முனை அடைத்த ஒரு குருட்டுக் குழாய். அதற்குள் போகும் அலை முட்டித் திரும்பி வரும்போது அரை அலை தாமதித்திருக்கும். வந்த அலையை அதுவே அடித்துவிடும். நீளம் எவ்வளவு? அலைநீளத்தில் கால் பங்கு. 400 டிகிரி செல்சியஸ் வாயுவில் ஒலி வினாடிக்குச் சுமார் 520 மீட்டர் போகும். 520-ஐ 125-ஆல் வகுத்து நாலில் ஒரு பங்கு எடுத்தால் ஏறத்தாழ 1.04 மீட்டர். குருட்டுக் குழாய்க்குள் வாயு சற்றுக் குளிர்ந்திருக்கும் என்பதால் கொஞ்சம் வெட்டி, ஒட்டிச் சரிசெய்ய வேண்டும். மிருதங்கத்தின் தொப்பியில் ரவையை அப்பிச் சுருதி சேர்ப்பது போல. முடிந்ததும் அந்த ஒரு ஸ்வரம் மட்டும் மறையும், 6000-இல் பாட்டு அப்படியே இருக்கும்.

ஒரு மீட்டர் குழாய், ஒரு மூடி, ஒரு வெல்டிங். விளம்பரத்தில் காட்ட ஒன்றுமில்லை. காரைக் கடந்து போகிறவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஓட்டுபவருக்கு மட்டும் தெரியும். மேம்பாடு என்பதற்கு என்னிடம் இருக்கும் இலக்கணம் இதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. சத்தத்தை வெளியேறும் வாயில்தான் தேட வேண்டும் என்று யார் சொன்னது? 2003-இல் வந்த எம்3 சிஎஸ்எல் காரை இன்றும் ஆறு சிலிண்டர் குரலின் உச்சம் என்று கொண்டாடுகிறார்கள். அந்த ஊளையின் பெரும்பகுதி புகைக்குழாயிலிருந்து வரவில்லை. முன்னால், எஞ்சின் மூச்சிழுக்கும் பெரிய கார்பன் ஃபைபர் காற்றுப் பெட்டியிலிருந்து வருகிறது. அதுவும் மிதியை முழுக்க மிதித்து எஞ்சின் வேலை செய்யும்போதுதான். ஊருக்குள் மெதுவாகப் போனால் கிட்டத்தட்ட ஒன்றும் கேட்காது. வேலைக்கு ஏற்ற சத்தம், ஓட்டுபவர் பக்கம் திரும்பிய சத்தம்.

ஆக, பணத்தை எடுத்துவைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பும் முன் சில கேள்விகள். குழாய்களின் நீளமும் அவை சேரும் இடமும் யோசித்து வடிவமைத்தவையா, இல்லை பளபளப்பு மட்டும்தானா? 2500 ஆர்பிஎம்மில் அது என்ன செய்கிறது என்று விற்பவரால் சொல்ல முடிகிறதா? கேட்டலிடிக் கன்வர்ட்டர் இருந்த இடத்தில் இருக்கிறதா? எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கன்வர்ட்டரைச் சூடேற்றுவதற்காக ஈசியு அதிக ஆர்பிஎம்மில் ஓட்டும் அந்த முதல் நிமிடத்தில், காலை ஆறு மணிக்கு, வால்வு மூடியிருக்குமா? கடைசியாக, காரில் நீங்கள் தனியாக, பார்க்க யாரும் இல்லாத மலைப்பாதையில் போகும்போதும் இதே சத்தம் உங்களுக்கு வேண்டுமா?

கடைசிக் கேள்விக்கு "ஆமா" என்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. அவரோடு ஒரு நாள் அந்த மலைப்பாதையில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போக ஆசைதான். கொஞ்சம் தயங்குபவர் வாங்க நினைப்பது எக்ஸாஸ்ட் இல்லை, அவருக்கு வேண்டியது பார்வையாளர்கள். தெருவில் தூங்கிக்கொண்டிருக்கும் யாரும் அந்தக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கவில்லை.